டிக்கட் டைரக்டரின் ஒரே படச்சுருள்

பதுளையிலிருந்து கொஸ்லந்தைக்குப் போகும் பஸ்ஸில் டிக்கட் டைரக்டர் கண்டக்டராக இருந்த காலத்தில், அந்தப் பாதையோரம் வாழ்ந்த சனங்களில் பாதிப் பேர் சினிமா நடிகர்களாக இருந்தார்கள். மீதிப் பேருக்கு இன்னும் பாத்திரம் ஒதுக்கப்படவில்லை.

நான் சொல்வது எழுபதுகளின் முற்பகுதி. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. பண்டாரவளையில் ஓர் அறை எடுத்துத் தங்கி, பெரகலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். காலையில் அவருடைய பஸ்ஸில்தான் போவேன், பின்னேரம் அவருடைய பஸ்ஸில்தான் திரும்புவேன். அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். நான் கேட்டதில்லை. டிரைவர் பண்டா முதல் பால்காரர் வரை எல்லோருக்கும் அவர் டைரக்டர்தான்.

நாற்பது வயது இருக்கும். பஸ்ஸின் கூரை தலையில் இடிக்கும் அளவுக்கு உயரம். அதனால் எப்போதும் கழுத்தைச் சாய்த்துத்தான் நிற்பார். அந்தச் சாய்வோடு ஒருவரை உற்றுப் பார்த்தால், பார்க்கப்பட்டவர் தன்னையறியாமல் தலைமுடியைச் சரிசெய்வார். "எங்க போறீங்க?" என்று கேட்பார். இடத்தைச் சொன்னதும் டிக்கட்டைக் கிழிக்க மாட்டார். "கொஞ்சம் வலது பக்கம் திரும்புங்க" என்பார். அதன் பிறகு டிக்கட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எதையோ எழுதிக் கொடுப்பார். இறங்கிய பிறகு பார்த்தால், "கல்யாணத்தில் கோவித்துக்கொண்டு போகும் தாய்மாமன்" என்று இருக்கும். அல்லது "ஆற்றங்கரையில் சிரிப்பவள், இரண்டாவது."

இரண்டாவதாகச் சிரிக்கும் பாத்திரம் கிடைத்த பெண் ஒருத்தி, முதலாவதாகச் சிரிப்பவள் யாரென்று விசாரித்து தியத்தலாவை வரை போய் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தாள் என்பது நான் நேரில் அறிந்த செய்தி.

எனக்குக் கிடைத்தது பாத்திரமல்ல. முதல் வாரத்தில் என் டிக்கட்டின் பின்னால் ஒரு வசனம் இருந்தது. நான்கு சொற்களில் ஐந்து எழுத்துப் பிழை. கையில் இருந்த சிவப்புப் பென்சிலால் திருத்தி, இறங்கும்போது அவரிடமே கொடுத்துவிட்டேன். மறுநாள் ஒரு கட்டுக் காகிதம் என் மடியில் வந்து விழுந்தது.

"இனிமே வசனம் உங்க பொறுப்பு டீச்சர்" என்றார்.

இப்படித்தான் நான் சினிமாவில் சேர்ந்தேன். சேர்ந்து ஒரு வருடம் கழித்துத்தான் அவருக்குக் கிடைக்கப்போகும் கேமராவில் சத்தம் பதியாது என்று தெரிந்தது. பிறகு எதற்கு இத்தனை பக்கம் வசனம் என்று கேட்டேன். சத்தம் கேட்காவிட்டாலும் உதடு பொய் சொல்லக் கூடாது என்று விளக்கம் சொன்னார். கேட்ட கணத்தில் அது எனக்குச் சரியாகத்தான் பட்டது. அவர் சொல்வது எல்லாமே பஸ்ஸுக்குள் இருக்கும்வரை சரியாகத்தான் படும்.

படத்தின் கதை இதுதான். பனி மூடிய ஒரு காலையில் பஸ்ஸிலிருந்து ஒருவன் இறங்குகிறான். தான் அந்தத் தோட்டத்தில் பிறந்தவன் என்கிறான். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாருக்கும் அவனை அடையாளம் தெரியவில்லை. வேலை வாங்கும் கங்காணி விரட்டுகிறார், தோட்டத்தை நடத்தும் துரை திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு தாய் மட்டும் அவனைப் பார்த்து, வந்துவிட்டாயா, வா, சாப்பிடு என்கிறாள். அவள் உண்மையிலேயே அவனுடைய அம்மாவா, இல்லையா என்பது கடைசிவரை தெரியாது. நான் டைரக்டரிடம் கேட்டேன். தனக்கும் தெரியாது என்றார்.

இந்தச் சின்னக் கதைக்கு எண்பத்து மூன்று நடிகர்கள். எவருமே மேடையேறியவர்கள் அல்ல. நடித்துப் பழகியவர்கள் தனக்கு வேண்டாம் என்பதில் பிடிவாதமாக இருந்தார். நாடகக்காரர் ஒருவர் பதுளையிலிருந்து தேடி வந்து பஸ்ஸுக்குள்ளேயே அழுது காட்டினார். டைரக்டர் அவருக்கு மரியாதையாக ஜன்னலோர இருக்கை பிடித்துக் கொடுத்து, பாத்திரம் கொடுக்காமல் அனுப்பிவைத்தார்.

துரை வேஷத்துக்கு ஒரு தோட்டத்துக் கிளாக்கர் ஐயா ஆசைப்பட்டார். தொப்பி, நீளக் காலுறை, கைத்தடி எல்லாம் சொந்தமாகவே வைத்திருந்தார். டைரக்டர் சாய்ந்து பார்த்துவிட்டு, ஐயாவுடையது எல்லாவற்றுக்கும் சரிங்க சொல்லிப் பழகின முகம் என்றார். துரை வேஷம் பண்டாரவளையில் முடிவெட்டும் ஒருவருக்குப் போனது. அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது.

"தொரைன்னா அப்படித்தான் இருக்கணும் டீச்சர். யார் பேசினாலும் காதுல விழக் கூடாது."

பிணமாக நடிக்க ஹப்புத்தளை மரக்கறி வியாபாரி ஒருவரைத் தேர்ந்தெடுத்திருந்தார். வியாபாரி அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டு பயிற்சியில் இறங்கினார். லீக்ஸ் கட்டுகளுக்கு நடுவில் கண்ணை மூடி மூச்சடக்கிப் படுத்திருப்பார். கரட் வாங்க வந்த ஒரு பெண்மணி அலறிக்கொண்டு ஓடிய பிறகு அவர் மனைவி கடையில் பயிற்சியைத் தடை செய்தார். அன்றிலிருந்து அவர் பஸ்ஸில் பயிற்சி செய்தார். இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி எத்தனையோ முறை கொஸ்லந்தை வரை பிணமாகவே போயிருக்கிறார். அவரை எழுப்ப டைரக்டருக்கு மனம் வராது. "நல்லாப் பண்றாரு, கலைச்சுவிடக் கூடாது" என்பார்.

இப்படி எல்லாப் பாத்திரமும் நிரம்பியது. அந்தத் தாய் மட்டும் கிடைக்கவில்லை. இரண்டு வருடம் தேடினார். எத்தனை பேர் வந்தார்கள். அன்பான முகங்கள், அழுத முகங்கள், கோயிலில் நிற்பதுபோலக் கை குவித்த முகங்கள். பார்ப்பார், பார்வையை எடுத்துக்கொண்டு அடுத்த இருக்கைக்குப் போய்விடுவார். பெரகலையிலிருந்து ஏறும் வளைவுகளில் பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்காரும். அந்த வெள்ளைக்குள் அவர் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டு நடப்பதைப் பார்த்தால், டிக்கட் கொடுக்கிறவராகத் தெரியாது. யாரையோ தொலைத்தவர்போல இருக்கும். ஒருநாள் அவருடைய அம்மா எங்கே என்று கேட்டேன். இந்தியாவில் என்றார். இவருக்கு இந்த நாட்டுப் பிரஜை என்று கடிதம் வந்தது, அம்மாவுக்கும் தம்பிமாருக்கும் அந்த நாட்டுப் பிரஜை என்று வந்தது. அவ்வளவுதான் சொன்னார். பிறகு கடிதம் வருகிறதா என்று நான் கேட்கவில்லை.

காமாட்சி கிடைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

காமாட்சி எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். நாற்பத்தைந்து வயது. அவருடைய இரண்டு பெண்களும் என்னிடம் படித்தார்கள். ஞாயிறு தோறும் சாமான் வாங்க ஹப்புத்தளைக்குப் போவார். ஞாயிறு தோறும் கூடைக்கு டிக்கட் எடுக்க மாட்டேன் என்று டைரக்டருடன் சண்டை பிடிப்பார். கூடை என்ன காலில் நிற்கிறதா, இருக்கை கேட்கிறதா என்று தொடங்கினால், பண்டா கியரை மாற்றும் சத்தம்கூடக் கேட்காது. வசனக் கட்டைக் கொடுக்க நான் ஏறியிருந்த அன்றைக்கும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. நடுவில் டைரக்டருக்கு இருமல் வந்துவிட்டது. நிற்காத இருமல். காமாட்சி ஏசுவதை நிறுத்தாமலே கூடைக்குள் கையை விட்டு, ஒரு துண்டு இஞ்சியை எடுத்து, மண்ணைச் சேலையில் துடைத்து, அவர் கையில் திணித்தார். திணித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து ஏசினார்.

டைரக்டர் இஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அவர் கண் என்னைத் தேடியது.

"ஏசிக்கிட்டே குடுத்தாங்க பாத்தீங்களா டீச்சர்" என்றார்.

காமாட்சியைச் சம்மதிக்க வைப்பது என் வேலையாயிற்று. லயத்துக்குப் போய், கால் மணி நேரம் கதை முழுக்கச் சொன்னேன். காமாட்சி அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார்.

"எனக்கு நடிக்கல்லாம் வராதுங்க டீச்சர். வையத்தான் வரும்."

"அதுதான் வேணுமாம்" என்றேன்.

முறத்தைக் கீழே வைத்தார். ஒரு நிபந்தனை போட்டார். "அழச் சொல்லக் கூடாது. அழுறதுக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லுங்க."

இனிக் கேமரா. பண்டாரவளையில் புடவைக்கடை வைத்திருந்த ஹனீபா முதலாளி, ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவரின் ஏலத்தில் ஒரு நாயையும் ஒரு சுவர்க் கடிகாரத்தையும் ஒரு பெட்டியையும் வாங்கியிருந்தார். பெட்டிக்குள் சாவி கொடுத்தால் ஓடும் சின்னக் கேமராவும், படம் காட்டும் இயந்திரமும், உறை உடைக்காத ஒரே ஒரு படச்சுருளும் இருந்தன. வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம் அது. பாண் ரொட்டிக்கே வரிசையில் நின்ற காலத்தில் படச்சுருளுக்கு எங்கே போவது? அந்த ஒரு சுருள் நான்கு நிமிடம் ஓடும். காமாட்சியோடு சேர்த்து எண்பத்து நான்கு நடிகர்களுக்கு நான்கு நிமிடம்.

டைரக்டர் கலங்கவில்லை. தாயும் மகனும் சந்திக்கும் காட்சியை மட்டும் முதலில் எடுப்பது, அதைக் கொழும்பில் பெரிய ஆட்களிடம் காட்டுவது, அவர்கள் மனம் இளகி மிச்சச் சுருளைக் கொடுப்பார்கள் என்று திட்டம் போட்டார். வேண்டியது பனி மட்டும்தான்.

பெரகலையில் பனிக்கு என்ன பஞ்சம் என்றுதான் நாங்களும் நினைத்தோம். என் வகுப்பில் பின்வரிசைப் பிள்ளைகளுக்குக் கரும்பலகை தெரியாத நாட்கள் உண்டு. ஆனால் படப்பிடிப்பு என்று சொல்லிச் சனம் திரண்ட முதல் ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. அடுத்த ஞாயிறும் அடித்தது. ஆறு ஞாயிறு. மலையிலிருந்து பார்த்தால் தெற்கே கடல் வரைக்கும் தெரிந்தது. அன்றைய காட்சியில் வேலையே இல்லாத வியாபாரி எதற்கும் இருக்கட்டும் என்று புல்லில் பிணமாகக் கிடந்து முகம் கறுத்துப் போனார். காது கேளாத துரை கோட்டுக்குள் வியர்த்து ஊற்ற நின்றார். மகனாக நடிக்க இருந்தவன் வெலிமடையில் உருளைக்கிழங்கு மூட்டை தூக்குகிற இளைஞன். ஆறாவது ஞாயிறோடு அவன் வருவதை நிறுத்திவிட்டான்.

ஏழாவது ஞாயிறுக்கு முன்னால் காமாட்சி குடும்பத்துக்குக் கடிதம் வந்தது.

அந்த வருடங்களில் வாரம் ஒரு லயத்தில் யாருக்காவது அந்தக் கடிதம் வரும். யார் இருப்பது, யார் போவது என்பதைக் கொழும்பிலும் டில்லியிலும் பேசி முடித்திருந்தார்கள். பெட்டி கட்டி, ஹப்புத்தளை ஸ்டேஷனில் கோச்சி ஏறி, தலைமன்னாருக்குப் போய், கப்பலில் அக்கரைக்குப் போவார்கள். காமாட்சி இந்தியாவைப் பார்த்ததே இல்லை. அவர் பிறந்தது எங்கள் தோட்டத்தின் மூன்றாவது லயத்தில். என்னிடம் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சான்றிதழை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். டைரக்டரிடம் செய்தியைச் சொன்னபோது, அவர் கேட்டது போகும் தேதியைத்தான்.

அது ஒரு சனிக்கிழமை. வழியனுப்ப நானும் பெரகலைக்கு இறங்கி, கொஸ்லந்தையிலிருந்து திரும்பி வரும் டைரக்டரின் பஸ்ஸில் அவர்களோடு ஏறினேன். இரண்டு தகரப் பெட்டி, ஒரு பாய்ச் சுருள், ஓர் அம்மிக்கல். கூடைக்கு அன்றைக்கு யாரும் டிக்கட் கேட்கவில்லை. காமாட்சியும் ஏசவில்லை. அந்த அமைதி பஸ்ஸுக்கே தாங்கவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள்கூட அடிக்கடி திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்றாவது வளைவில் பனி வந்தது. மெதுவாக வரவில்லை. பள்ளத்திலிருந்து எழுந்து, தேயிலை, பாதை, முன்கண்ணாடி என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வந்தது. பண்டா விளக்கைப் போட்டார். டைரக்டர் என் பக்கம் குனிந்தார். அவருடைய இருக்கைக்கு அடியில் ஒரு சாக்குப் பை இருந்தது. கடிதம் வந்த நாளிலிருந்து ஹனீபா முதலாளியின் கேமராவை அவர் தினமும் பஸ்ஸில் கொண்டுவந்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு தரம் மணியடித்தார். பஸ் நின்றது.

பண்டா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சிங்களவரான அவருடைய தமிழில் சொன்னார். "டைரக்டர், அஞ்சி நிமிசம். கோச்சி நிக்க மாட்டான்."

அந்த ரயிலைத் தவறவிட்டால் கப்பலும் போய்விடும். கப்பல் போனால் மறுபடி எப்போது, என்ன பாடு என்று எவருக்கும் தெரியாது. காமாட்சியின் புருஷன் வாய் திறவாதவர். அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி எழுந்து இறங்கினார்.

மகனாக நடிக்க ஆளில்லை. டைரக்டர் ஒரு கணம் பஸ்ஸுக்குள் சுற்றிப் பார்த்தார். பிறகு டிக்கட் பையைக் கழற்றித் தன் இருக்கையில் வைத்தார். கேமராவை என் கையில் கொடுத்தார். வெளிச்சத்தைக் குறைக்க முன்னால் இருக்கும் வளையத்தை இரண்டு கோடு திருப்ப வேண்டும், பனி இருட்டல்ல, அதற்குள் வெளிச்சம் நிறைய இருக்கிறது, பிறகு இந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவசரமாகச் சொன்னார். நான் கேமராவோடு கீழே இறங்கி நின்றேன். வளையத்தைத் திருப்பியதாகத்தான் நினைவு.

பயணிகள் எல்லோரும் ஜன்னலில். ஒரு குழந்தைகூட அழவில்லை. காமாட்சி பாதையோரம் நின்றார். அவருக்குப் பின்னால் தேயிலையும் இல்லை, மலையும் இல்லை, வெள்ளைதான். டைரக்டர் பஸ்ஸின் படியில் நின்று இரண்டு தரம் மணியடித்தார். அது ஆரம்பிக்கலாம் என்று எனக்கு. பிறகு இறங்கினார். நான்கு எட்டு நடந்தார். கழுத்தை நிமிர்த்தி அவர் நடந்து நான் பார்த்தது அன்றுதான்.

நான் எழுதிக் கொடுத்த வசனம் "வந்துட்டியாப்பா, வா, சாப்புடு" என்பது. காமாட்சி அவரை மேலும் கீழும் பார்த்தார். அவருடைய காக்கிச் சட்டையின் காலர் மடங்கியிருந்தது. அதை இழுத்துவிட்டார்.

"இப்பத்தான் வர்றியா" என்றார். கோபமாகத்தான் சொன்னார். "நாங்க கெளம்பிட்டோம். வீடு தொறந்துதான் கெடக்கு. மேல் தகரம் ஒழுகுது, பாத்துக்க. கோழிக்குத் தண்ணி வையி."

அப்படி ஒரு வசனம் எங்கள் கதையில் இல்லை. டைரக்டர் பதில் வசனத்தைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிய பிள்ளைபோல உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். பிறகு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். காமாட்சி அழவில்லை. நிபந்தனையைக் காப்பாற்றினார். என் கையில் இருந்த கேமரா கரகரவென்று ஓடி, தானாக நின்றது.

கோச்சி அரை மணி நேரம் தாமதம். அதனால்தான் பிடித்தோம். பெட்டிகளைத் தூக்கிப் போடும்போது டைரக்டர் அம்மிக்கல்லைக் கை தவறவிட்டார். காமாட்சி அதற்கு அவரை வண்டி நகரும்வரை ஏசினார். மேடையில் நின்ற எங்களுக்கு அப்பாடா என்றிருந்தது.

டைரக்டர் கேமராவை அன்று மாலையே ஹனீபா முதலாளியிடம் சேர்த்தார். சுருளைக் கழுவ இங்கே வசதியில்லை. யார் யார் கையிலோ எங்கெங்கோ போய் எட்டு மாதம் கழித்துத்தான் வந்தது. அந்த எட்டு மாதமும் டைரக்டர் பஸ்ஸில் காண்பவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பனி கொஞ்சம் அதிகம். நாம் நினைத்ததைவிட அதிகம். படத்திலும் அப்படித்தான் தெரியும்.

எங்கள் தோட்டத்தில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் படம் காட்டினார். தொட்டில் கயிறுகளுக்கு நடுவே ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டியிருந்தார்கள். லயம் முழுக்க வந்திருந்தது. இயந்திரம் ஓடியது. வேட்டி வெளுத்தது.

வெள்ளை. மறுபடியும் வெள்ளை. நான்கு நிமிடமும் வெள்ளை. நடுவில் ஓரிடத்தில் ஒரு சாம்பல் நிழல் அசைந்ததுபோல இருந்தது.

"அந்தா காமாச்சி" என்றார் ஒருவர் மெதுவாக. "காலர இழுத்துவிடுறா" என்றார் அன்றைக்குப் பஸ்ஸில் இருந்த இன்னொருவர். பார்த்தவர்கள் பார்க்காதவர்களுக்கு எங்கே யார் நிற்கிறார்கள் என்று வேட்டியில் கை வைத்துக் காட்டினார்கள். மரக்கறி வியாபாரி தன்னையும் கண்டுபிடித்தார். அன்றைக்கு அவர் பஸ்ஸிலேயே இல்லை, ஆனாலும் யாரும் மறுக்கவில்லை. படத்தை மறுபடி போடச் சொன்னார்கள். நான்கு தரம் போட்டார்கள். நான்காவது தரம் எனக்கும் எல்லாம் தெரிந்தது.

கொழும்புக்கு அந்தச் சுருள் போகவில்லை. வேறு சுருளும் வரவில்லை.

மூன்று வருடம் கழித்து எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, புடவை எடுக்க ஹனீபா முதலாளியின் கடைக்குப் போயிருந்தேன். பழைய பேச்சு வந்தது. அன்றைக்குப் பனி இல்லாவிட்டால் நல்ல படமாக வந்திருக்கும் என்றேன். முதலாளி துணியை மடிப்பதை நிறுத்தினார்.

"பனி என்னத்துக்கு டீச்சர்? அந்த வளையம் திருப்பாம, முழுக்கத் தொறந்தே கெடந்துச்சு. கேமராவக் கொண்டாந்த அன்டைக்கே பாத்து அவர்ட்டச் சென்னேன். டீச்சர்ட்டச் செல்ல வாணாம்னு அவர் கையப் புடிச்சிக் கேட்டுட்டுப் போனாரு."

எட்டு மாதம் அவர் பனியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது எதற்கென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

புடவையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் அவருடைய பஸ்ஸில் ஏறினேன். போக வேண்டிய இடம் எதுவும் இல்லை. அவர் பக்கத்தில் வந்து நின்றதும், படத்தைக் கெடுத்தது நான்தான் என்று எனக்குத் தெரியும் என்றேன். இன்னும் என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று தயார்செய்து வைத்திருந்தேன்.

அவர் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு கேட்டார்.

"அந்தம்மா என்ன சொன்னாங்கன்னு ஞாபகம் இருக்கா டீச்சர்?"

"ஒரு சொல் விடாம இருக்கு."

"அப்பறம் என்ன. படம் நல்லாத்தானே வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, அடுத்த இருக்கையில் இருந்தவரை எங்கே போகிறீர்கள் என்று கேட்கப் போய்விட்டார்.

ஹப்புத்தளை வரும்வரை நான் ஜன்னல் பக்கமாகவே திரும்பி உட்கார்ந்திருந்தேன். முகங்களைப் பார்ப்பதே வேலையாக இருந்த மனிதர், அன்றைக்கு என் முகத்தை மட்டும் பார்க்காமல் இருக்க வேண்டுமே என்றிருந்தது. அவரும் அந்தப் பக்கம் வரவில்லை.